மூக்கறுந்தவனுக்கு அரியணை இல்லை

— வெட்டுறா வின்டிலா. மூக்கு நுனியத்தான கேக்குறேன், தலையவா கேட்டேன்?

— இருண்ணே, இந்த மடத்துச் சாமியாரு குடுத்த பிளம் சாராயம் இன்னும் ஒரு வாய் குடு.

— குடிச்சுட்டு முழு மூக்கையும் எடுத்துராத. நம்ம வலாக்கியா நாட்டுல ஊனம் பட்டவன் அரியணை ஏற முடியாது. நுனி போனாப் போதும், என்னை ராஜாவாக்கப் பாக்குற துருக்கி சுல்தான் கைகழுவிருவாரு.

— உன்னை விட்டுருவாரு. என்னை? வியன்னா பேரரசர் என்னைத்தான புடிச்சு உக்கார வைப்பாரு?

— உனக்குத்தான் ஆசை இருந்துச்சே.

— சத்தியமா இருந்துச்சுண்ணே. வர்ற வழியில ஊரெல்லாம் எரிஞ்சு கெடந்துச்சு. யாரு பண்ணதுன்னு ஒரு பொம்பளைகிட்ட கேட்டேன். “உங்க ஆளா, உங்க அண்ணன் ஆளா, புகையில தெரியலீங்க”ன்னா. ஆசை அங்கயே செத்துருச்சு.

— சரி விடு. நான் சுல்தான்கிட்ட பணயமா வளந்தேன், நீ வியன்னாவுல விருந்தாளியா வளந்த. சாப்பாடுதான் வேற.

— என் மூக்கையும் வெட்டிரு. உக்கார வைக்க ஆளே இல்லைன்னா ரெண்டு படையும் யாருக்காக அடிச்சுக்கும்?

— அழகான மூக்குடா. அப்பா மூக்கு.

— அதை வெச்சு அவரு என்னத்தக் கண்டாரு? அரியணை ஏறுன ஒரே வருஷத்துல தலைய எடுத்துட்டாங்க. வெட்டு... ஐயோ! ஐயோ அம்மா!

— கத்தாத. துணிய அழுத்திப் புடி. இப்ப என்னோடது. ம், சீக்கிரம்... ஆ!

— ஆச்சுண்ணே, ஆச்சு. சாமியாரே! ரெண்டு படை முகாமுக்கும் போய்ச் சொல்லிருங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மூக்கு போச்சுன்னு.

— சாமியாரு காலையில போனவரு. பொழுது சாயுது, இன்னும் காணலையே?

— வந்துருவாரு. கஞ்சியக் குடிண்ணே. பர்பு மகாராஜாவே, உன் மூஞ்சியப் பாரு, வெந்த பீட்ரூட்டு மாதிரி.

— சிரிக்க வெக்காதடா, வலிக்குது. யாரு கதவுல? ஸ்டான்கா! புள்ளையத் தூக்கிட்டு நீ ஏன் இந்த மடத்துக்கு வந்த?

— சாமியாரு திரும்பி வர்ற வழியில என்கிட்டயும் சொன்னாருங்க.

— அண்ணி, எல்லாம் முடிஞ்சுது. இனி இங்கயே வெங்காயம் நட்டுப் பொழைச்சுக்குவோம்.

— முடியல கொழுந்தனாரே. சேதி கேட்டதும் ரெண்டு பக்கத்துத் தூதருங்களும் ஒரே கூடாரத்துல உக்காந்துட்டாங்க. ஒத்துப்போயிட்டாங்களாம்.

— சண்டை இல்லையா?

— இல்ல. ஊனமில்லாத வாரிசு ஒண்ணு மிச்சமிருக்காம். பச்சப்புள்ளைன்னா ரெண்டு பேருக்கும் வசதியாம். அந்தப் புள்ளையத் தூக்கிட்டுப் போக வண்டி கெளம்பிருச்சு.

— ஸ்டான்கா... நம்ம ஷெர்பானா? அவனுக்கு இன்னும் பல்லுகூட முளைக்கலையே!

— சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குனான். அந்தக் கத்திய எடுங்க, முழிக்கிறதுக்குள்ள செஞ்சிருங்க.