சிமிலரான ஊடு

நீங்களே சொல்லுங்க சேர், சிமிலர் எண்டா என்ன? இங்கிலீசு படிப்பிக்கிற மனிசன் பஸ்ஸுல பக்கத்துல வந்து இரிக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்... ஓம், 'போல' எண்டுதானே? 'அதே' இல்லத்தானே? அல்ஹம்துலில்லாஹ்! இந்த மர்சூக், நான், இரவு வகுப்புல படிச்சதும் அதத்தான்.

எங்கட வழம தெரியுந்தானே, பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டிக் குடுத்தாத்தான் கலியாணம். மூத்தவ பஸ்லியாக்கு மேல்மாடி ஊடு குடுத்தன். போட்டிக்கோ, டைல்ஸ்... ஆ, அந்த டைல்ஸ்! அதுல வழுக்கி என்ட இடுப்பு போன கத வேற, அத உடுங்க. இப்ப இளயவ ஸம்றாக்குப் பேசியிரிக்கி. நல்ல பொடியன், அவளுக்கும் விருப்பம். ஏலுமான அளவுக்கு ஒரு ஊடு கட்டி முடிச்சிட்டன். அறை இரிக்கி, சமைக்கக் குசினி இரிக்கி, நல்ல காத்து. மாப்பிளட வாப்பா வந்தாரு, அண்ணாந்து பாத்தாரு. "மேல்மாடி எங்க?" எண்டாரு. மேல வானந்தான் எண்டன். சிரிக்கல்ல மனிசன். "மூத்தவக்குக் குடுத்ததுக்கு சிமிலரா தாறண்டுதானே பேச்சு?" எண்டாரு. இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள முடிவு சொல்லணுமாம், இல்லாட்டி வேற இடம் பாப்பாங்களாம்.

சிமிலர்தானே சேர் இது! என்ட புள்ளையள் ரெண்டும் சிமிலர், ஒரே மூக்கு. அதுக்காக மூத்த மருமகன் ஆள் மாறிக் கூட்டிட்டுப் போக ஏலுமா? அஸ்தஃபிருல்லாஹ்!

ஸம்றா நேத்தைலருந்து சாப்பிடல்ல. உம்மாக்காரி என்னோட கதைக்கல்ல. அதான் சொல்றன், நீங்களும் என்னோட கல்முனையில இறங்குங்க. ஸ்டான்டுக்குக் கிட்டத்தான் மாப்பிளட ஊடு. ஒரு வார்த்த, சேர். நீங்க சொன்னா எடுபடும்.

நான் சொன்னா எடுபடா. ஏனெண்டா... போன வருசம் எங்கட மகன் பஸாலுக்குப் பொண்ணு பேசக்குள்ள பொண்ணு ஊட்டுக்காரங்களும் அவட அக்காட ஊட்டுக்கு சிமிலர் எண்டுதான் சொன்னாங்க. போய்ப் பாத்தா மேல்மாடி இல்ல. உட்டனா நான்? "சிமிலர் எண்டா அச்சொட்டா அதேதான், வேணுமெண்டா அகராதியப் பாருங்க!" எண்டு சபையில எழும்பி நிண்டு சொன்னன். பாவம் பொண்ணுட வாப்பா, வயல வித்து மாடி எழுப்பினாரு. அண்டைக்கு எனக்குப் பக்கத்துல இருந்து, "நல்ல கேள்வி கேட்டீங்க மர்சூக் நானா" எண்டு தலையாட்டினவருதான் சேர்... இண்டைக்கு இந்த மாப்பிளட வாப்பா.

எங்க எழும்புறீங்க? கல்முனைக்கெண்டுதானே டிக்கட் எடுத்தீங்க? இது காரதீவு சேர், கல்முனை இன்னும் வரல்ல! சேர்...!

போயிட்டாரு.

வாங்க தம்பி, இப்பிடி இரிங்க. உங்களப் பாத்தாலும் படிச்ச ஆள் போலத்தான் இரிக்கி...