மகாலு மலையில் வானிலை

அந்த உயரத்தில் உருளைக்கிழங்கு லேசில் வேகாது, ஐயா. குக்கரில் போட்டாலும் பொறுமை வேண்டும். மகாலு மலையடி முகாமில் சமையலும் வாக்கிடாக்கியும் என் பொறுப்பு. மேலே ஏறுகிறவர்களோடு கீழிருந்து பேசுவது நான்தான்.

என் கணவர் சுல்டிமும் ஓங்சுவும் ஒரே ஊர்; மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் இருவருக்கும் வேலை. ஓங்சு என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். ஒரு வருஷம் உச்சிக்குச் சற்றுக் கீழே சுல்டிமின் கால் முறிந்தது. அவருடைய ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு, தன்னை நம்பி வந்த வெள்ளைக்காரரோடு ஓங்சு மேலே போனான். வாக்கிடாக்கியில் எனக்குச் சேதி சொன்னான்:

"அண்ணன் போயிட்டாரு அண்ணி. மனசத் தேத்திக்குங்க."

சுல்டிமின் சட்டைக்குள்ளும் ஒரு வாக்கிடாக்கி இருந்ததை அவன் மறந்துவிட்டான். சற்று நேரத்தில் அதில் குரல் வந்தது.

"யாங்ஜின், பயப்படாத. ஓங்சு இறங்கறப்போ என்னையும் கூட்டிட்டு வந்துருவான்."

ஓங்சுவைக் கூப்பிட்டேன். அவன் தன்னுடையதை அணைத்துவிட்டிருந்தான். அனுப்ப வேறு ஆளும் இல்லை. சுல்டிம் பொழுது சாயும் வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

உச்சியில் கொடி பிடித்த ஓங்சுவின் படம் பத்திரிகையில் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவன் தலைமை தாங்கிய பயணங்களுக்கெல்லாம் நானே சமைக்கப் போனேன். "அண்ணி கையால சாப்பிட்டாத்தான் மலை ஏற முடியும்" என்பான். இன்னொரு கரண்டி போடுவேன்.

இந்த வசந்தத்தில் அவனோடு அவன் மருமகன் ஃபின்ஜோவும் ஒரு ஜப்பான்காரப் பெண்ணும் ஏறினார்கள். முகாமில் இருந்தவரை அந்தப் பெண் எனக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பாள். அவர்கள் கடைசிக் கூடாரத்தில் இருந்தபோது, மதியம் புயல் அடிக்கும் என்று காத்மாண்டுவிலிருந்து செய்தி வந்தது.

"அண்ணி, காத்து எப்படி? கெளம்பலாமா?"

"வானம் தெளிவா இருக்காம் தம்பி. நல்லபடியா போயிட்டு வா."

புயலுக்குள்ளிருந்து மறுபடி கூப்பிட்டான். "எதுவும் கண்ணு தெரியல அண்ணி. தெளிவா இருக்குன்னீங்களே."

"உங்க அண்ணன் அங்கதான் எங்கயோ இருப்பாரு, கூப்பிட்டுப் பாரு. போயிட்டாருன்னு நீ சொன்னதுக்கு அப்புறமும் எங்கிட்ட பேசினாரு."

அதன்பின் ஓங்சு பேசவில்லை. ஃபின்ஜோ "அத்தை, யாரையாவது அனுப்புங்க அத்தை" என்று அழுதான். பக்கத்து முகாம்காரர்கள் கயிறும் ஆக்சிஜனுமாக வந்து, மேலே ஏறட்டுமா என்று கேட்டார்கள். மூவரும் கூடாரத்தில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி, ஆளுக்கொரு கிண்ணம் சூப் கொடுத்து அனுப்பினேன்.

ஓங்சுவைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இருவரையும் மலைதான் கொண்டுபோனது. அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஐயா?