பங்குக் கிணற்றில் நெஞ்சளவுத் தண்ணீர்

— நான் தண்ணி இறைக்கிற மிசினைப் போட்டிருந்தா என்னடா செய்திருப்பாய்? சொல்லு, செல்வநாயகம்! கயிறைச் சுத்திக் கையிலை பிடிச்சபடி நிக்கிறன், கிணத்துக்குள்ளை இருந்து குமிழி குமிழியா வருது. ஆமையாக்கும் எண்டு எட்டிப் பாத்தா உன்ரை பிள்ளை!

— போட்டிருக்க மாட்டியள், பஞ்சலிங்கண்ணை. உங்கடை மிசின் ஏழாம் இழுவைக்கு முன்னம் ஒருநாளும் வெளிக்கிட்டதில்லை.

— பகிடி விடுறியோ? அந்தக் குழாய் உறிஞ்சிற உறிஞ்சிலை பிள்ளையின்ரை தலைமயிர் அம்பிட்டிருந்தா? ஏழு வயசு! வாயிலை ஒரு றப்பர்த் துண்டைச் செருகி, கண்ணிலை கண்ணாடியை மாட்டி... நீயும் ஒரு தேப்பன்!

— உங்கடை குழாய் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். காத்துச் சிலிண்டர் என்ரை முதுகிலை, வதனியின்ரை கை என்ரை கையிலை. ஒரு பயமும் இல்லை.

— ஆறு பங்குக்காரர் இறைக்கிற கிணறு இது. இண்டைக்கு ஆற்றை முறை?

— விடியப்புறம் முருகேசண்ணையின்ரை. பிறகு உங்கடை.

— அப்ப என்ரை முறையிலை உனக்குக் கிணத்துக்குள்ளை என்ன வேலை?

— அவர் இறைச்சு முடிய நெஞ்சளவுதான் மிச்சம் நிண்டது. ஊறி வந்தால் இரண்டாள் ஆழம். எனக்கு அந்த நெஞ்சளவு நேரம்தான் வேணும். நீங்கள் வர முன்னம் ஏறிடலாம் எண்டு நினைச்சன். வதனி ஏற மாட்டன் எண்டிட்டாள்.

— ஆர், வதனியோ? தலைக்குத் தண்ணி வார்த்தால் உடுவில் முழுக்கக் கேக்கக் கத்துற பிள்ளையோ?

— அவளேதான்.

— விசரா, கிணறென்ன உனக்குத் திருகோணமலைக் கடலோ? அங்கை ஹோட்டலிலை நிண்டு வெள்ளைக்காரற்றை பிள்ளையளுக்குக் கடலுக்கடியிலை மீன் காட்டினனி, சரி. எண்பத்திமூண்டோடை ஹோட்டலும் எரிஞ்சுது, வெள்ளைக்காரனும் ஓடினான். மூண்டு வருஷமாச்சு. நீ இன்னும் அந்த உத்தியோகத்திலையே இருக்கிறாய்?

— இடம் பாக்கிறதுதானே அண்ணை என்ரை உத்தியோகம். சின்னப் பிள்ளைக்கு எண்டால் ஆழமிருக்கக் கூடாது, அலை இருக்கக் கூடாது, நடந்து இறங்க வேணும், நினைச்ச உடனை கால் ஊண்டி நிமிர வேணும். இரண்டு கிழமையாச் சைக்கிளிலை தேடினன்.

— கீரிமலைக் கேணிக்குப் போறதுக்கென்ன?

— போனன். வலு திறமான இடம், படியும் இருக்கு. மேலை ஹெலி வந்திட்டுது. அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த சனம் எல்லாம் ஓட, நானும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினன். நான் ஓடின பக்கம் ஒருத்தரும் ஓடேல்லை.

— குண்டெண்டு நினைச்சிருப்பினம். நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். காரைநகர்?

— கடல் நல்லம். நேவியும் நல்லமெண்டு கண்டு எனக்கு முதலே வந்து இருக்கிறான்.

— அரியாலைப் பக்கம்?

— கணுக்காலளவு தண்ணி, முழங்காலளவு சேறு. அங்கை வலை போட்ட ஒருத்தர், தம்பி இதுக்கு உந்தச் சிலிண்டர் தேவையில்லை, செருப்பே போதும் எண்டவர்.

— அப்ப விடன்ரா! ஆர் உன்னட்டைக் கேட்டது? சனம் மண்ணெண்ணைக்கு விடியவிடிய லைனிலை நிக்குது. கோட்டையிலை இருந்து ஆமிக்காரன் அடிக்கிற ஷெல் எங்கை வந்து விழும் எண்டு தெரியாமல் சோத்துக் கோப்பையோடை பங்கருக்குள்ளை ஓடுது. உனக்குப் பிள்ளையைச் சுழியோடியாக்க வேணுமோ? இந்தக் கிணத்துக்குள்ளை அப்பிடி என்ன பாக்க இருக்கு? பாசியும் என்ரை பழைய வாளியும்!

— வாளியைக் கண்டவள். அண்ணை, இதிலை இருக்கிற காத்து முடிஞ்சால் நிரப்ப இஞ்சை ஒரு இடமும் இல்லை. நாளையண்டைக்கும் அவளை இறக்க வேணும்.

— இறக்கிப் பார்! பின்னேரம் பங்குக்காரர் எல்லாரையும் கூப்பிடுறன். உன்ரை முறையை மறிக்கிறன். உன்ரை வெங்காயம் நிண்ட நிலையிலை கருகேக்கை தெரியும்!

— மறிக்கத் தேவையில்லை. ஒரு கிழமை எங்களை விடுங்கோ. அதுக்குப் பிறகு என்ரை முறையை நீங்களே எடுங்கோ. வருஷம் முழுக்க எடுங்கோ.

— என்னது?

— எழுதித் தாறன்.

— ...டேய். ஒரு நாழிகைத் தண்ணிக்கு உன்ரை அப்பர் என்ரை அப்பரை மண்வெட்டியாலை அடிச்சவர். இந்தக் கிணத்திலை முறையை விட்டுக் குடுத்த ஒருத்தனை நான் இன்னும் காணேல்லை. என்ன சங்கதி?

— மெல்லக் கதையுங்கோ. வதனி துலாவடியிலை தலை துடைக்கிறாள்.

— சொல்லு எண்டிறன்!

— வாற செவ்வாய்க்கிழமை பாலேஸ்வரியும் பிள்ளையும் வள்ளத்திலை அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகினம். எனக்கு இந்த முறை இடமில்லை.

— போறவை வள்ளத்துக்கு மேலைதானே இருக்கப் போகினம்? அதுக்கேன் பிள்ளையைத் தண்ணிக்குக் கீழை வைச்சிருக்கிறாய்?

— வள்ளம் கரைக்குப் போகாது, அண்ணை. கிட்டப் போனால் பிடிச்சிடுவாங்கள் எண்டு தள்ளி நிப்பாட்டித் தண்ணிக்குள்ளை இறக்கிப் போட்டுத் திரும்பிடுவினம். பாலேஸ்வரிக்கு நெஞ்சளவு. வதனிக்குத் தலைக்கு மேலை. தாய்க்காரியும் நீந்தமாட்டாள், கையிலை பெட்டி வேறை. பிள்ளை வழுக்கி உள்ளுக்குப் போனால் கத்தும். கத்தினால் வாய்க்குள்ளை தண்ணி போகும்.

— அதுக்கு இது உதவுமோ?

— மூச்சுக் குழாயைக் கடிச்சுக்கொண்டு கீழை இருந்து பழகினால் பயம் தெளியும். பிறகு குழாயை எடுத்திட்டு, கண்ணை முழிச்சபடி இருபது எண்ணும் மட்டும் மூச்சை அடக்கப் பழக்க வேணும். அதுக்குள்ளை தாய் தடவிப் பிடிச்சிடுவாள்.

— எத்தினை மட்டும் எண்ணுறாள்?

— இண்டைக்குப் பதினொண்டு.

— நெஞ்சளவு எண்டு ஆரடா உனக்குச் சொன்னது? ஊரிலை ஆயிரம் கதை கதைப்பினம்!

— கமலாவதியக்கா அங்கை அகதி முகாமிலை இருந்து கடிதம் போட்டிருக்கிறா. வள்ளம் ஏறேக்கை அவவோடை இரண்டு பிள்ளையள். கடிதத்திலை ஒரு பிள்ளையின்ரை சுகம்தான் எழுதியிருக்கிறா.

— அவவைக் கொண்டுபோன வள்ளத்து ஓட்டி ஆர்?

— நாகலிங்கம்.

— முழங்காலளவுத் தண்ணி எண்டெல்லோடா அந்த நாய் என்னட்டைச் சொன்னவன்! என்ரை கடைக்குட்டிக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை வள்ளத்திலைதான் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்!