அஞ்சாவது யூனிட்

"...சீனா சரி, அரபு சரி, ஆப்பிரிக்காவும் சரின்னே வெச்சுக்குவோம் தம்பி. ஆனா அஞ்சாவது யூனிட்னு ஒண்ணு போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் என் உசுர வாங்குது. நீங்க ஷூவ மாட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசறேன்."

வாசுதேவன் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டிக் கயிறும் கட்டியிருந்தான். கராடிக்குப் போகும் கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்குத் தெருமுனைக்கு வரும். பூனாவில், தாபோடியில் இந்த மாடிக்கு அவன் குடிவந்து மூன்று வாரம். கீழ்வீட்டு சத்தியவதி கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இன்று அவர் கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய பார்சலும் ஒரு நோட்டும் இருந்தன.

"இருபத்தாறு வருஷம் ஒரே ரூட்டு தம்பி. கிரீஸ்ல ஏறினா ஜெர்மனில இறங்குறது. நடுவுல ஸ்டாப்பே கெடையாது. நோட்ஸ் எல்லாம் எம்பத்திரெண்டுல எழுதினது. எந்தப் பக்கத்துல எந்த ஜோக்குன்னுகூட பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன். சிரிச்சா சிரிப்பாங்க, சிரிக்கலேன்னாலும் பெல் அடிச்சிரும். யாருக்கு என்ன குறை, சொல்லுங்க? ஒருத்தனாவது வந்து, மேம், சீனாக்காரன் என்ன யோசிச்சான்னு கேட்டானா? பரிட்சைக்கு வருமான்னு கேப்பான். அவ்வளவுதான்.

"போன வருஷம் யூனிவர்சிட்டிக்குத் திடீர்னு ஞானம் வந்துருச்சு. உலகம்னா ஐரோப்பா மட்டும் இல்லியாம். அரே, இதச் சொல்ல ஒரு கமிட்டி! நாலு மீட்டிங். நாலுக்கும் வடாபாவ். எங்க டிபார்ட்மென்ட்ல நாங்க ரெண்டே பேரு, நானும் காசிம்னு ஒருத்தரும். அவருக்கு அரபு யூனிட் கெடச்சுது. சின்ன வயசுல மதரசால படிச்சவரு, எழுத்துக்கூட்டி வாசிப்பாரு. இப்ப நடையே மாறிப்போச்சு. வராந்தால அவரு போனா பின்னாடி யாரோ குடை பிடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கு. இருக்கட்டும், எனக்கென்ன. ஆனா ஒரு வார்த்த கேட்டாரு தம்பி... 'உங்களுக்கு சுலபம்தானே மேடம், சொந்த மொழியாச்சே'ன்னு. காய் சாங்கு... என்னத்தச் சொல்ல!

"ஆமா, அஞ்சாவது யூனிட் தமிழ்தான். பழைய தமிழ்க் காப்பியத்துல ஒரு பகுதி. ஒவ்வொரு மதத்துக்காரனா வந்து, எத வெச்சு இது உண்மைன்னு சொல்றேன்னு வாதம் பண்ணுவான். பிரமாதமான விஷயம், நான் இல்லேங்கல. ஆனா பூனாவுல யாருக்கு? கிளாஸ்ல பதினோரு பேரு. பத்து பேருக்குத் தமிழ் வாசனையே கெடையாது. பதினொண்ணாவது டானியா, எங்க தமிழ் சர்ச் பொண்ணு. அவளே தமிழ்ல கேக்கறா, 'மேம், தமிழ் ரொம்ப ஹார்டா?'ன்னு.

"திங்கக்கிழம மொத வகுப்பு. வைஷாலி மேடம் கடசி பெஞ்சுல வந்து உக்காருவாங்களாம். கமிட்டிக்கு அவங்கதான் தலைவி, சமஸ்கிருதத்துல பெரிய ஆளு. மூலத்த வகுப்புல வாசிச்சுக் காட்டணும், அப்பறம் வெளக்கம். சரியா வரலேன்னா யூனிட்ட எடுத்துட்டு அந்த எடத்துல சமஸ்கிருதத்துலேர்ந்தே இன்னொண்ணு போட்டுருவாங்க. போடட்டுமே! எனக்கு என்ன நட்டம்? வேல கொறஞ்சுது... இல்ல, போடக் கூடாது. அது வேற விஷயம்.

"எவன்டா இதப் போட்டதுன்னு பாக்கறீங்க. கேக்க வேண்டியதுதான்.

"மூணாவது மீட்டிங். வைஷாலி மேடம் சொல்றாங்க, இந்தியாவுக்கு சமஸ்கிருதம் போதும், மத்த மொழியில பாட்டு இருக்கு, பக்தி இருக்கு, தர்க்கம் கெடையாதுன்னு. மெதுவாத்தான் சொன்னாங்க. மழை வரும்போல இருக்குன்னு சொல்வோம் பாருங்க, அப்படி. எனக்கு வடா தொண்டையில நின்னுருச்சு. எந்திரிச்சுட்டேன். இருபத்தாறு வருஷத்துல டீ எடுக்கறதுக்குத் தவிர எந்த மீட்டிங்குலயும் நான் எந்திரிச்சதில்ல. எங்க தமிழ்ல இருக்கு, நானே நடத்தறேன்னுட்டேன். 'மூலத்துலேர்ந்தா?'ன்னாங்க. 'மூலத்துலேர்ந்துதான்'னேன். மினிட்ஸ்ல ஏத்திட்டாங்க.

"புத்தகம் மெட்ராஸ்லேர்ந்து நேத்துதான் வந்துச்சு. இந்தாங்க, பிரிங்க. எழுத்து பொடியா இருக்குல்ல? இல்லியா? என் கண்ணாடிய மாத்தணும்..."

வாசுதேவன் புத்தகத்தைப் பிரித்தான். எழுத்து நன்றாகவே பெரிதாக இருந்தது.

"கண்ணாடி இல்ல தம்பி. கண்ணாடி போன மாசம்தான் மாத்தினேன்.

"எங்கப்பா என்னக் கான்வென்ட்ல போட்டாரு. இங்கிலீஷ், ஹிந்தி, மராட்டி. தமிழ்தான் வீட்ல பேசறோமே, அத எதுக்குப் படிக்கணும்னுட்டாரு. ஞாயித்துக்கிழம தமிழ் ஆராதனையில பாட்டுப் புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு மொத வரியிலேர்ந்து கடசி வரி வரைக்கும் பாடுவேன். அத்தனையும் காதுல கேட்டது. கூட நிக்கிறவ தாளத் திருப்பினா நானும் திருப்புவேன். அம்பது வருஷமாச்சு. யாரும் கேட்டதில்ல. நானும் என்னக் கேட்டதில்ல. அந்த மீட்டிங்குல எந்திரிச்சேனே, அப்பகூட, சத்தியமாச் சொல்றேன், எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது ஞாபகமே வரல. வீட்டுக்கு வந்து கேட்டத் தொறக்கும்போதுதான் வந்துச்சு.

"அர்த்தம் எல்லாம் தெரியும். இங்கிலீஷ்ல வந்ததப் பூராவும் படிச்சாச்சு. எவன் வாதம் எந்த எடத்துல தடுக்கி விழுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுத்துதான். நீங்க வாசிச்சா நான் மராட்டி எழுத்துல எழுதிக்குவேன். நாப்பது வரிதான். திங்கக்கிழமைக்குள்ள மனப்பாடம் ஆயிரும். புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு சொல்றதுல எனக்குப் பழக்கம் இருக்கு.

"டானியாவோட அப்பாகிட்ட கேட்டிருக்கலாம். கேட்டா அடுத்த ஞாயிறு சர்ச் பூரா என் கையில இருக்கற புத்தகத்தத்தான் பாக்கும். நீங்கன்னா யாருக்கும் தெரியாது. நீங்க காசிம்கிட்டயும் சொல்லிராதீங்க... உங்களுக்குக் காசிமத் தெரியாதுல்ல? நல்லது."

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"வந்துட்டான். போங்க தம்பி, போங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்... சாயங்காலம் ஊருக்கு ரயில்னீங்க இல்ல? உங்க சம்சாரத்தக் கூட்டிட்டு வர பத்து நாளாகும்னீங்க. சரி, என்ன பண்றது. நானா எந்திரிச்சேன், நானே உக்காந்துக்கறேன். வைஷாலி மேடத்துக்கு சந்தோஷமா இருக்கும். என்ன இது, இப்படியா ஹாரன் அடிப்பான்? முன்னாடி இருந்த டிரைவர் எறங்கி வந்து கதவத் தட்டுவான். இவனுக்கு ரெண்டு தடவ அடிச்சா கடமை முடிஞ்சுது. கேளுங்க, ரெண்டாவது. அவ்வளவுதான், கெளம்பிருவான். இந்த ஊர்ல டிரைவருங்களுக்கு ஒரு பாடத்திட்டம் போட்டா நான் மொத ஆளா..."

நோட்டின் முதல் பக்கத்தில் தேதி எழுதியபடியே சத்தியவதி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். வாசுதேவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.