சாமி இல்லாதவரின் பஜனை

இண்டூரிலிருந்து தர்மபுரி போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். கறுப்புச் சட்டை போட்டவரின் மடியில் இருந்த மஞ்சள் பை, பள்ளம் வரும்போதெல்லாம் ஜால்ரா தட்டியது. பக்கத்தில் இருந்தவரால் பொறுக்க முடியவில்லை.

“மாமா, நெசமாவே பஜனைக்குப் போறீங்களா?”

“சனிக்கிழமையானா தவற மாட்டேன். பாட்டெல்லாம் மனப்பாடம்.”

“அய்யர வெச்சா என் கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு நின்ன ஆளுங்க நீங்க!”

“எங்கண்ணன ஞாபகம் இருக்குதா? மேடையேறி சாமி இல்லன்னு மணிக்கணக்கா பேசுவாரு. கடைசியில எல்லாம் மறந்துபோயி, ‘நீ யாரு வூட்டுப் பையன்?’னு என்னையே கேட்டாரு. போன மாசம் எனக்கும் வூட்டுக்குப் போற வழி தடுமாறிப்போச்சு. நாலு பேரோட சேந்து பாடுங்க, பேசுங்க, மூளைய சும்மா வெக்காதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. நம்மூர்ல கூடிப் பாடற எடம் அது ஒண்ணுதான?”

“பாடுனா சரியாப் போயிருமா?”

“யாருக்குத் தெரியும்? பாடிப் பாக்கறேன்.”

“அப்போ சாமி இருக்குதுன்னு ஒத்துக்கிட்டீங்க.”

“சாமியெல்லாம் இல்லப்பா. அத மறந்துரக் கூடாதுன்னுதான் பஜனைக்கே போறேன்.”