இருட்டிலும் பேசும் செல்

—கதவச் சாத்துடா, கதவ! வராந்தா வெளிச்சம் பூரா உள்ள வருது.

—சாத்திட்டேன்க்கா. எதுக்கு இப்படிக் கத்தற? அம்மா மத்தியானச் சாப்பாட்ட எடுத்து வெச்சுக்கிட்டு காத்திட்டிருக்காங்க. உன்னக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

—சாப்பாடு ஒண்ணுதான் கொறச்சல் எனக்கு. நாளைக்கு அவங்க வர்றாங்கடா.

—எவங்க?

—அதான், என் ஆராய்ச்சி தப்புன்னு ஊருக்கே எழுதிப் போட்டாங்களே, அந்த லேப்காரங்க. எங்க டைரக்டரே கூப்பிட்டிருக்காரு. அவங்க கண்ணு முன்னால நான் செஞ்சு காட்டணுமாம். முடியலன்னா கட்டுரைய வாபஸ் வாங்கிட்டு லேப இழுத்து மூடணும்.

—அப்படி என்னதான்க்கா எழுதின? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்.

—விழித்திரையில ஒரு வகை செல் இருக்கு. வெளிச்சம் பட்டாத்தான் அது மூளைக்குச் சேதி அனுப்பும்னு எல்லாரும் சொல்றாங்க. இல்ல, கும்மிருட்டுலயும் அது தானா அனுப்புதுன்னு நான் எழுதினேன். சும்மா எழுதல, இதே ரூம்ல உக்காந்து என் காதால கேட்டேன்.

—கண்ணப் பத்தின ஆராய்ச்சிய காதால கேட்டியாக்கும்?

—கிண்டலா? செல் துடிச்சா அந்த ஸ்பீக்கர்ல சத்தம் வரும். இரு... இப்பக் கேளு.

—ஆமா. தகரத்துல தூறல் விழற மாதிரி இருக்கு.

—அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற எலியோட விழித்திரைடா. துளி வெளிச்சம் இல்ல, எப்படிப் பேசுது பாரு! அவங்க லேப்ல வாயே திறக்கலையாம். ஏன்னா என் ரூம் சரியான இருட்டு இல்லையாம். ஜன்னல செங்கல் வெச்சு அடைச்சிருக்கேன். சாவி ஓட்டையில பஞ்சு வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன, சூரியனையா அணைக்க முடியும்?

—சரி சரி, என்மேல பாயாத. எங்க உக்கார்றது? எனக்கு ஒண்ணுமே தெரியல.

—சிவப்பு விளக்கு எரியுதேடா, எலிக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு.

—எனக்கு ஏதுக்கா சிவப்பு?

—ஆமால்ல. பகல்ல பாக்கற செல்லு உனக்குப் பொறந்ததுலேர்ந்தே வேலை செய்யல. இருட்டுல பாக்கறதுதான் இருக்கு, அதுக்குச் சிவப்பு தெரியாது. பாத்தியா, அதக்கூட மறந்துட்டேன். உனக்காகத்தாண்டா இந்தப் படிப்புக்கே வந்தேன். உன்ன ஆந்தைன்னு கூப்பிட்டவனுங்கள அடிச்சிட்டு வந்து, இவன் கண்ண நான் சரி பண்ணுவேன்னு அம்மாகிட்ட சபதம் போட்டேன். என்னத்தக் கிழிச்சேன்? எலி கண்ணத்தான் கிழிச்சேன்.

—ஆந்தைக்கு இப்ப ஒரு குறையும் இல்ல. வெளிய போனா கறுப்புக் கண்ணாடி, உள்ள வந்தா ராஜா. இப்பப் பாரு, இருட்டு பழகிப்போச்சு, எல்லாம் தெரியுது... ஏன்க்கா, அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் எதுக்கு விளக்கு?

—எந்தப் பெட்டி?

—எலிக் கண்ண வெச்சிருக்கியே, அதுதான். பின்பக்கம், ஓரமா, மினுக் மினுக்குன்னு.

—அங்க விளக்கு எதுவும் கிடையாது. மருந்துத் தண்ணி ஏத்தற பம்ப்புதான் இருக்கு. அதோட விளக்குமேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கேன்.

—டேப்புக்குக் கீழ ஒரு ஸ்க்ரூ கழண்ட ஓட்டை இருக்கு. அது வழியா வருது. நிஜமாவே உனக்குத் தெரியலையா?

—நாள் பூரா சிவப்பு விளக்கையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பாத்த கண்ணு எனக்கு. எங்கடா? தொட்டுக் காட்டு.

—இதோ. விரலால மூடியிருக்கேன்... என்னக்கா, தூறல் நின்னுபோச்சு?

—விரல எடு.

—எடுத்துட்டேன். மறுபடி விழுது.

—மூடு... எடு... இன்னொரு தடவ மூடுடா. ஐயோ.

—அக்கா, அழாத. இங்க பாரு, நான் எதையும் பாக்கல, சரியா? எனக்குத்தான் கண்ணு சரியில்லையே, யாரு வந்து கேக்கப் போறா?

—வேணாம்டா. நாளைக்கு நானே சொல்லிடுவேன். ஆனா மனசு ஆறலடா. இத்தன வருஷத்துல உன்ன ஒரு நாள், ஒரே ஒரு நாள் உள்ள கூட்டிட்டு வந்து காட்டியிருந்தா...

—கூட்டிட்டு வந்தியேக்கா. லேப் திறந்த அன்னிக்கு வீட்டோட வந்தோமே. அன்னிக்கும் இது எரிஞ்சுது. சொல்ல வாயெடுத்தேன், "உனக்கு இதெல்லாம் புரியாது, வெளிய போய் உக்காரு"ன்னுட்ட.