சொன்ன பேச்சு கேட்கும் நாய்

பீகிள் நாய்க்குக் காது மந்தம் என்று பலர் நினைக்கிறார்கள் சார். அப்படியெல்லாம் இல்லை. மூக்குக்கு வேலை வந்துவிட்டால் காதுக்கு விடுமுறை, அவ்வளவுதான். ஹஸ்கி வேறு ரகம். நாம் சொல்வது அதற்குப் புரியும். புரிந்ததும் நம்மைப் பார்த்து ஊளையிடும். சௌ சௌ அதுகூடச் செய்யாது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மற்ற பயிற்சியாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய நாய்களெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். ஆரம்பத்தில் நானும் நேர்மையாகத்தான் மல்லுக்கட்டினேன். விசில், பிஸ்கட், நீளக் கயிறு என்று எல்லாம் பார்த்தாயிற்று. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

முதலில் நடந்தது விபத்து. ஒரு பல் டாக்டர் என்னிடம் விட்டிருந்த ஹஸ்கி வேலியைத் தாண்டி ஓடி லாரியில் அடிபட்டது. எனக்குத் தெரிந்த ஒரு நாய் வளர்ப்பாளரிடம் அதே நிறத்தில், அதே நீலக் கண்ணோடு, நன்றாகப் பழகிய நாய் ஒன்று இருந்தது. அதைக் கூட்டிவந்து, செத்த நாயின் கழுத்துப் பட்டையை மாட்டி நிறுத்தினேன். டாக்டர் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டார். "என் தங்கம், எப்படிடா இப்படி மாறினே?" என்று கண் கலங்கினார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை எப்பவும் மறக்க மாட்டோம்" என்றார். அவ்வளவு சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருக்கும் பட்டையை அடையாளம் தெரிகிறது சார். நாயைத்தான் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு லாரிக்காகக் காத்திருப்பது சரியான முறையாகப் படவில்லை. முதலில் அதே சாயலில் பழகிய நாய் ஒன்றைத் தேடிவைப்பேன். வந்த நாய்க்கு வயிறாரச் சாப்பாடு போடுவேன். பிறகு ஓர் ஊசி. வலிக்காது. கொட்டகைக்குப் பின்னால் தோண்டச் சொல்லியிருக்கிறீர்களாம். வேலியோரம் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள், ரோஜா வைத்திருக்கிறேன்.

யாரும் குறை சொன்னதில்லை, அந்த ரயில் டிரைவரைத் தவிர. ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் வீட்டில் இருந்தார். அவருடைய பீகிளுக்கு மேனேஜர் என்று பெயர். "காலம் பூரா நான் சொன்னதை எந்த மேனேஜரும் கேட்டதில்ல, இவனும் கேக்கறதில்ல" என்று விளக்கம் வேறு சொன்னார். மருமகனின் செருப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் மதியச் சாப்பாடு என்று மேனேஜர் எதையும் விட்டுவைக்கவில்லை. பொறுக்க முடியாமல் மகள்தான் என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

புது நாயை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒரு பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இரு" என்றேன். நாய் இருந்தது. மகள் கைதட்டினாள். பெரியவர் நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மேனேஜர் இல்ல. அவனா இருந்தா இந்நேரம் என் விரலையும் சேத்துத் தின்னிருப்பான்."

"அப்பா, அதுக்குத்தானே அனுப்பினோம்!"

"என் நாய் எனக்குத் தெரியாதாம்மா?"

மகள் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தாள். அப்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

அவள் முகம் மாறியது. வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

பெரியவர் தெருத்தெருவாக மேனேஜரைக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார். சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்பவில்லை. என் வேலியருகே வந்து நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் மகளுக்கு போன் செய்தேன். வழிதவறி வந்துவிட்டார் என்றேன். பெரியவரைச் சோதித்த டாக்டர் என்னிடம் விசாரித்தபோதும், நாய் அதேதான், அவர்தான் பாவம் என்றேன். முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நல்ல இடம். கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். நான்கூடப் பழங்கள் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும், "என் நாயை என்னடா பண்ணினே?" என்று பாய்ந்தார். உதவியாளர்கள் பிடித்து மாத்திரை கொடுத்தார்கள்.

நான் மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவால்தான். நாய்க்கு வாந்தி என்று மகள் கால்நடை மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவர் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பைப் பார்த்துவிட்டு, "இது வேற ஒருத்தர் பேர்ல பதிவான நாயாச்சே" என்றாராம். அந்த வளர்ப்பாளர் சிப் வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. தொழிலில் நாணயமே இல்லாமல் போய்விட்டது சார்.

நேற்று அந்தப் பெண் இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாளே, நீங்களும் பார்த்தீர்கள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள். நாயையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்கு ஓடிப்போய், "அப்பா, நீங்க சொன்னதுதான் சரி, இது நம்ம மேனேஜர் இல்ல, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்றாளாம். பெரியவர் முதலில் உதவியாளரின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு, "இல்லம்மா, இதான் மேனேஜர். நான்தான் தப்பா சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அவள் எத்தனை தரம் கேட்டும் அதையேதான் சொன்னாராம்.

அந்த வயதில் ஒருவர் இவ்வளவு சுத்தமாகப் பழகி நான் பார்த்ததில்லை. முக்கால்வாசி இல்லத்துக்காரர்களின் கைத்திறன், மறுக்கவில்லை. ஆனால் தொடங்கி வைத்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.